முப்பத்தொன்றரை மில்லி

என் அப்பாவை எங்கள் தெருவில் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு அவரைக் குடிகாரர் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்பா டீயைத் தாண்டி எதையும் குடித்ததில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. அங்கே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் போடுகிறவருக்குத் தலைவலி வரும். முப்பது வருடமாக அப்படி வேலை பார்த்ததில் அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

அம்மா திரைச்சீலை தைத்து விற்கிறார். வீட்டு ஜன்னலுக்கு ஒன்று மாட்டினால் அப்பா தள்ளி நின்று பார்ப்பார்.

"இடது பக்கம் ரெண்டு மில்லி இறங்கியிருக்கு."

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தாலும் எனக்குத் தெரியலைங்க. ஜன்னலே ஒண்ணும் சொல்லல, உங்களுக்கு என்ன?"

அப்பா சிரிப்பார். ஆனால் நாற்காலி போட்டு ஏறி, அந்த இரண்டு மில்லியைச் சரிசெய்துவிட்டுத்தான் இறங்குவார்.

இந்தக் குணம்தான் அவருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் வந்தது. சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஆசை, பஸ் டிரைவர் ஆகவேண்டும். எல்லாத் தேர்விலும் தேறினார். கண்ணாடி இல்லாமலே பார்வை சரியாக இருக்கிறது என்கிற கண் பரிசோதனைச் சீட்டு ஒன்றுதான் பாக்கி. அதை அப்பா வேலை பார்க்கும் கடையில்தான் கொடுப்பார்கள். சித்தப்பா பலகையில் இருந்த எழுத்துகளை நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்து கடகடவென்று ஒப்பித்தார். சோதித்தவர் நம்பிவிட்டார். பின்னறையிலிருந்து வந்த அப்பா, வேறு எழுத்துகள் இருந்த மறுபக்கத்துக்குப் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, "இப்பப் படி" என்றார். சித்தப்பாவால் கடைசி மூன்று வரிகளைப் படிக்க முடியவில்லை. சீட்டு கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று சித்தப்பா சொன்னதை நான் கேட்டேன். எனக்கு அப்போது ஏழு வயது.

"நீ எனக்கு அண்ணன் இல்ல. அளவுகோல்."

பிறகு கதவுப் பக்கம் போய்த் திரும்பினார். "என் சைக்கிள் இங்கயே கிடக்கட்டும். என்னிக்காவது என்கிட்ட பேசணும்னு தோணுச்சுன்னா அதை ஓட்டிக்கிட்டு வா. பஸ்ல மட்டும் வந்துடாத. கதவைத் திறக்க மாட்டேன்."

சித்தியைக் கூட்டிக்கொண்டு எழுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்குப் போய்விட்டார். அங்கே பஸ் டிப்போவில் பஸ் கழுவும் வேலை. அம்மாவும் சித்தியும் போனில் பேசிக்கொள்வார்கள். அண்ணனும் தம்பியும் பதினோரு வருடம் பேசவில்லை. சைக்கிள் எங்கள் பால்கனியில் கிடந்தது. கட்டை டயர், தடித்த சட்டம், மலையில் ஓட்டுகிற வகை. அப்பா அதன்மேல் துணி காயப்போட விடமாட்டார். மாதம் ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய் விடுவார். ஆனால் ஏறி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

இந்த வருடம் எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் கூண்டுப் புலி மாதிரி நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் சித்தி போன் செய்தார்.

"அக்கா, அவருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சாம். ஒரு மாசம், மிஞ்சினா ரெண்டு மாசம்னு சொல்றாங்க. நேத்து திடீர்னு கேக்குறாரு, அண்ணன் அந்த வண்டியை இன்னும் வெச்சிருக்கானான்னு."

அப்பா பால்கனிக்குப் போய் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஞாயித்துக்கிழமை போறேன்" என்றார்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "அப்பா, இந்தக் கட்டை டயர்ல எழுபத்திரண்டு கிலோமீட்டரா? உங்களுக்கு அம்பத்தி மூணு வயசு. முட்டி கழண்டுடும். தார் ரோட்டுக்குப் பெரிய சக்கரமா, ஒல்லி டயரா மாத்திடலாம். நான் நிறைய வீடியோ பாத்திருக்கேன்."

தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டோம். "எதுக்கு மில்லி சார்? இருக்கிற சக்கரத்துலயே வழுவழுன்னு ரெண்டு டயர் போட்டா போதும். அரை மணி நேர வேலை" என்றார் அவர். நான் விடவில்லை. பெரிய சக்கரம்தான் தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகும் என்று அடித்துச் சொன்னேன். செய்துபார்க்க ஒரு வேலை கிடைத்ததே என்கிற பரபரப்பு எனக்கு. அப்பா என்னைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார். "செய்றதுன்னா ஒழுங்காவே செஞ்சிடுவோம்" என்றார். அவர் ஏன் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டார் என்று நான் யோசிக்கவில்லை.

பழைய சக்கரம் இருபத்தாறு இன்ச். புதிதுக்கு எழுநூறு என்று பெயர். டயரில் 700, 28 என்று இரண்டு எண் போட்டிருக்கும். அதில் இருபத்தெட்டு என்பது டயரின் பருமன், மில்லிமீட்டரில். எனக்கு அது தெரியாது. உதிரிப்பாகக் கடைக்கு நானே போன் செய்து, "இருபத்தெட்டு ரிம் ரெண்டு" என்றேன். அவர்கள் அந்தக் காலத்துப் பெரிய கறுப்புச் சைக்கிளுக்குப் போடுகிற இருபத்தெட்டு இன்ச் ரிம்மை அனுப்பினார்கள். பழைய சக்கரத்தின் நடுவில் இருந்த ஹப்பில் கம்பி கோத்து முடித்த பிறகு டயர் ஏறவே இல்லை. மூன்று பேர் இழுத்தும் ஏறவில்லை. அப்பா அளவு நாடாவைப் பிடித்தார்.

"அறுநூத்தி முப்பத்தஞ்சு மில்லி. நமக்கு வேண்டியது அறுநூத்தி இருபத்திரண்டு."

அவர் என்னைத் திட்டவில்லை. ரிம் வந்ததும் நாடாவைப் பிடிக்காமல் என்னை நம்பியதுதான் அவர் செய்த ஒரே தவறு. அதில் ஒன்பது நாள் போனது, அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமையும் போனது.

சரியான ரிம் வந்தது. சக்கரம் சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்பா சுழற்றிவிட்டார். சத்தமே இல்லாமல் ஓடியது. நான் கைதட்டினேன். பிறகு அவர் பிரேக் பிடியை அழுத்தினார். கட்டைகள் இரண்டும் ரிம்முக்குக் கீழே, வெறும் கம்பிகளின் மேல் போய் முட்டின. சக்கரம் பெரிதாகிவிட்டது, பிரேக் பழைய இடத்திலேயே இருந்தது.

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இருபத்தெட்டு வந்துடுச்சு, பிரேக்தான் எட்டல!"

அப்பா துண்டுத் தாளில் கணக்குப் போட்டார். "முப்பத்தொன்றரை மில்லி. அவ்வளவுதான் எட்டல." பிரேக்கை அந்த அளவுக்கு மேலே தூக்கிப் பிடிக்க அலுமினியத் தகடு நான்கு வேண்டும், அதைத் தானே அராவிச் செய்வதாகச் சொன்னார்.

அந்த நாட்களில் தினமும் சாயங்காலம் சித்தப்பா அம்மாவின் போனில் என்னைக் கூப்பிடுவார். அப்பாவோடு பேசமாட்டார். "நேர்ல வரட்டும்" என்பார். குரல் மெலிந்திருந்தது, குறும்பு மெலியவில்லை.

"என்ன வாலு, அளவுகோல் அளந்து முடிச்சுதா?"

"ரெண்டு தகடு முடிஞ்சது சித்தப்பா. இன்னும் ரெண்டு."

"அவன் அளந்து முடிக்கிறதுக்குள்ள என்னை இங்க குழிக்கு அளந்துடுவாங்க போல." அவரே சிரித்தார். இருமினார். "ஒண்ணு சொல்றேன் கேளு. அவன் பஸ்ல வந்தாலும் நான் கதவைத் திறந்துடுவேன்."

நான் பால்கனிப் பக்கம் பார்த்தேன். அப்பா தகட்டை அராவிக்கொண்டிருந்தார்.

"சொல்லிடாத அவன்கிட்ட. ஆசையா ஏதோ செஞ்சுக்கிட்டிருக்கான், செய்யட்டும். எம் மேல சத்தியமா சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது மட்டுமில்லை. அப்பா அந்தச் சைக்கிளில் போய் இறங்குவதை நான் மனதுக்குள் அத்தனை தடவை பார்த்திருந்தேன். என் யோசனை, நான் தேர்ந்தெடுத்த சக்கரம். அது பாதியில் நிற்பதை நான் விரும்பவில்லை.

தகடுகள் முடிந்தபாடில்லை. நான்காவது தகட்டை அப்பா அராவுவார், அளப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், தலையாட்டிவிட்டு வேறு தகடு வெட்டுவார். அந்த ஒரு தகட்டை மட்டும் மூன்று தடவை புதிதாகச் செய்தார். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பால்கனிக்கு வந்தார்.

"என்னங்க, பிரேக் இல்லாமலே நிக்கிற ஒரே ஆள் நீங்கதான். போய்ட்டு வாங்களேன்."

"பிரேக் இல்லாத வண்டியில எப்படிப் போறது?"

"நான் வண்டியைச் சொல்லல."

அப்பா அரத்தைத் துடைத்தார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சித்தி போன் செய்தார். அம்மா கேட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அப்பா அரத்தைக் கீழே வைத்தார், கை கழுவினார், சட்டை போட்டுக்கொண்டார்.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். வழியெல்லாம் அந்த டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். பதினோரு வருடம், இரண்டு மணி நேரம்.

கதவு விரியத் திறந்தே இருந்தது. ஆட்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். அப்பா வாசலில் நின்றுவிட்டார். "வாங்க" என்று சித்தி கையைப் பிடித்து இழுக்கும் வரை அவரால் படி ஏற முடியவில்லை.

அன்று அப்பா அழவில்லை. மறுநாள் புறப்படும்போது சித்தி சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்களுக்குத்தான் இது தெரியும், நீங்களே வெச்சுக்குங்க. பஸ்ஸைத் துடைக்கிறப்ப இதை மாட்டிக்கிட்டு டிரைவர் சீட்ல உக்காந்து பாப்பாராம். கூட வேலை செஞ்சவங்க நேத்துதான் சொன்னாங்க."

அப்பா பழக்கத்தில் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். முன்னும் பின்னும் நகர்த்தினார். அவர் கை நின்றது.

"லென்ஸோட மையம் தள்ளியிருக்கு. ரெண்டு மில்லி. இதைப் போட்டா தலை வலிக்குமே."

"வலிக்குதுன்னு எப்பவும் சொல்வாரு" என்றார் சித்தி. "எத்தனை வருஷமா."

அப்பா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு இரண்டு நிமிட வேலை அது. எழுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் பல வருடம் தலைவலியோடு இருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, அப்பா நான்கு தகடுகளையும் சைக்கிளில் பொருத்தினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சித்தப்பா போனில் சொன்னதை அப்படியே சொன்னேன். பஸ்ஸில் வந்தாலும் கதவைத் திறப்பேன் என்றதை, சொல்லாதே என்றதை, நான் சொல்லாமல் இருந்ததை, ஏன் சொல்லவில்லை என்பதையும். அடித்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அப்பா திருகுகளை முடுக்கிக்கொண்டே இருந்தார். கடைசித் திருகு முடிந்ததும் எழுந்து, பழைய தகரப் பெட்டி ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் கவிழ்த்தார். அவர் சரியில்லை என்று ஒதுக்கிய தகடுகள் அதில் இருந்தன. நாடாவை என் கையில் கொடுத்தார்.

"அள."

அளந்தேன். முப்பத்தொன்றரை. அடுத்ததும் முப்பத்தொன்றரை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எல்லாம் முதல் தடவையே சரியாத்தான் இருந்துச்சு" என்றார். "போய் நின்னா என்ன பேசுறதுன்னுதான் எனக்குத் தெரியல."

பிறகு சக்கரத்தைச் சுழற்றி பிரேக்கை அழுத்தினார். கட்டைகள் ரிம்மைச் சரியாகப் பிடித்தன. சக்கரம் உடனே நின்றது.