கடல் பக்கம் திருப்பிய லேசர்

எனக்குக் கோபம் வந்தால் தெருநாய்கூட ஒதுங்கிப் போகும் என்று என் தம்பி கேலி செய்வான். செய்யட்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் நான். லாரிக்காரர்களோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டும். மெதுவாகப் பேசினால் அங்கே ஒரு கன்டெய்னரும் நகராது. ஆனால் அந்தத் திருவிழாவில் எனக்கு வந்த கோபம் வேறு. அது இன்னும் இறங்கவில்லை, இறங்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

வேம்பாருக்குப் போகிற கடற்கரைச் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். மாதா கோவில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வாணவேடிக்கை உண்டு. இந்த முறை கமிட்டிக்காரர்களுக்கு லேசர் ஷோ மேல் ஆசை வந்துவிட்டது. பக்கத்து ஊரில் போன வருஷம் வைத்தார்களாம், எல்லாரும் போனில் வீடியோ எடுத்துப் போட்டார்களாம், நாம் மட்டும் என்ன குறைந்து போனோம்? கடைசி மூன்று நாளும் பொழுது சாய்ந்ததும் லேசர் என்று பெரிய போஸ்டர் ஒட்டினார்கள்.

முதல் நாள் நானும் கடற்கரை மணலில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். பொய் சொல்வானேன், அழகாகத்தான் இருந்தது. புகை போட்டிருந்தார்கள். பச்சைக் கோடுகள் கோவில் முகப்பில் பூவாக விரிந்தன. பிறகு எங்கள் தலைக்கு மேலாகத் திரும்பிக் கடலுக்குள் போயின. பாட்டுக்குத் தகுந்தபடி ஏறின, இறங்கின, சில நேரம் ஒரே இடத்தில் அசையாமல் நின்றன.

அதே நேரத்தில், மீன்பிடிக்கப் போயிருந்த என் தம்பி வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தான். எங்கள் கரையைக் கடல் அரிக்காமல் இருக்கப் பாறாங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் இரண்டு சுவர் நீட்டியிருக்கிறார்கள். தூண்டில் வளைவு என்போம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வாய் வழியாகத்தான் வள்ளம் உள்ளே வர வேண்டும். கல் எது, தண்ணீர் எது என்று இருட்டில் கண்ணால் துழாவித்தான் வர வேண்டும். அப்படிக் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டு வாய்க்குள் நுழைந்தவனுடைய வலது கண்ணில் பச்சை வெளிச்சம் நேராக வந்து அடித்தது. "எம்மா" என்று அலறிச் சுக்கானை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்தினான். கூட இருந்தவர் பாய்ந்து சுக்கானைப் பிடித்தார். இல்லையென்றால் வள்ளம் கல்லில் போய்ச் சிதறியிருக்கும், ஆட்களையும் அள்ளித்தான் எடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் தூத்துக்குடிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சொட்டு மருந்து விட்டு, படம் எடுத்து, டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். "வெல்டிங் எதுவும் செஞ்சீங்களா?" என்று கேட்டார். திருவிழா லேசர் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. கண்ணின் பின்திரையில், நேராகப் பார்ப்பதற்கென்று இருக்கிற நடு இடத்தில் சுட்டுவிட்டது, ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். ரத்தம் வற்றினால் கொஞ்சம் தெளியலாம், வெந்த இடம் பழையபடி ஆகாது என்றும் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் தம்பி இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தபடியே வந்தான்.

"எக்கா, சுத்தி எல்லாம் தெரியுது. எதப் பாக்கணும்னு நெனைக்கேனோ அது மட்டும் தெரிய மாட்டேங்கு. இத வச்சிக்கிட்டு நான் எப்படி அந்த வாய்க்குள்ள வள்ளத்தக் கொண்டு வருவேன்?"

அவனுக்குத் தெரிந்த பிழைப்பு அது ஒன்றுதான். அதோடு இன்னொரு பயமும் வந்தது. அன்றைக்குச் சாயங்காலமும் லேசர் உண்டு, அன்றைக்கும் வள்ளங்கள் கடலில் கிடக்கின்றன. தம்பி கண்ணுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொருத்தன் கண் போகாமல் பார்க்கலாம் அல்லவா?

பஸ்ஸை விட்டு இறங்கி, தம்பியை வீட்டில் விட்டுவிட்டு, நேரே கமிட்டித் தலைவரிடம் போனேன். முறைக்கு எனக்குப் பெரியப்பா. விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினார். "ஆனா ஏளா, போஸ்டர் ஒட்டியாச்சு. வெளியூருலேருந்து சனமெல்லாம் வந்து உக்காந்தாச்சு. இப்பப் போயி நிப்பாட்டுன்னா எப்படி? நான் வேணா மைக்குல ஒரு வார்த்த சொல்லிருதேன்."

சொன்னார். சாயங்காலம் ஷோ தொடங்குமுன் என்ன சொன்னார் தெரியுமா? கடலில் வந்துகொண்டிருக்கும் சகோதரர்கள் ஒளியை நேராகப் பார்க்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம். அன்போடாம்! ஸ்பீக்கர் அத்தனையும் ஊரைப் பார்த்து நிற்கிறது. என்ஜின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேச்சே கேட்காத கடலில் இவருடைய அன்பு யார் காதில் விழப்போகிறது? கேட்டாலும்தான் என்ன, கரையைப் பார்க்காமல் கரைக்கு வருவது எப்படி என்று அதையும் மைக்கில் சொல்லியிருக்கலாம்.

லேசர் போடுகிற ஆளைத் தேடிப் போனேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பந்தல். முப்பது வயது இருக்கும், சாத்தான்குளம் பக்கத்து ஆள். லேப்டாப் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷோ தொடங்கி, கோடுகள் அப்போதுதான் கடல் பக்கம் திரும்பியிருந்தன. நடந்ததைச் சொன்னேன்.

"யக்கா, நான் சனத்து மேல அடிக்கவே மாட்டேன். ரூல்ஸ்லாம் எனக்குத் தெரியும். தலைக்கு மேல தூக்கித்தான் வச்சிருக்கேன்."

மேஜை மேல் திறந்து கிடந்த பெட்டியில் கறுப்புக் கண்ணாடி இரண்டு இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"அது நாங்க மிஷின செட் பண்ணும்போது போடுறது. நேராப் பட்டா கண்ணு போயிரும்லா."

போயிரும்லா! எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் பாருங்கள். தன் கண்ணுக்குப் பெட்டியில் கண்ணாடி. என் தம்பி கண்ணுக்கு மைக்கில் அன்பு. மாடியிலிருந்து ஒரு வாளி அழுக்குத் தண்ணீரைக் கொட்டுகிறவன்கூடக் கீழே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவான். கண்ணைச் சுடுகிற வெளிச்சத்தை விடுகிறவர், அது எங்கே போய் விழுகிறது என்று ஒரு தடவை எழுந்து போய்ப் பார்க்க வேண்டாமா? பகலில் கடற்கரைக்கு வந்து நின்றிருந்தால் வள்ளம் வருகிற வழி தெரிந்திருக்குமே. கேட்டிருந்தால் ஊரில் ஒன்றாம் கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லியிருக்குமே.

மேஜை ஓரத்தில் சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தது.

"இது என்னது?"

"அவசரம்னா அமுக்குறது, யக்கா."

"அப்ப இது அவசரம் இல்லாம வேற என்னவே?" என்று ஓங்கி அமுக்கிவிட்டேன்.

கோடுகள் பட்டென்று அணைந்தன. சனம் விசிலடித்துக் கூச்சல் போட்டது. பெரியப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "பொம்பளப் பிள்ள இப்படியா செய்யும்?" என்றார். லேசர்க்காரரோ பதறிப்போய், "கைய வைக்காதீங்க யக்கா, மிஷின் கெட்டுரும்" என்றபடி பொத்தானை மேலே இழுத்துவிட்டார். மறுபடி போடுவதற்கு மிஷினில் செருகியிருந்த சாவியைப் பிடித்தார். மிஷின் கெட்டுவிடுமாம். எனக்கு அவரை அறைந்துவிடலாமா என்று இருந்தது.

அப்போதுதான் தம்பி வந்தான். கூச்சலைக் கேட்டு, அக்கா ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டாள் என்று வந்திருக்கிறான். பந்தல் வாசலிலேயே நின்றான். இவனுக்குத்தான் கண் போனது என்று நான் சொன்னதும் லேசர்க்காரரின் குரல் இறங்கிவிட்டது.

"அண்ணாச்சி, சத்தியமா வேணும்னு செய்யல. சனத்துக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதான் கடல் பக்கம் திருப்புனேன். இருட்டுனப் பொறவு கடல்ல யாரு இருக்கப் போறான்னு நெனச்சிட்டேன்."

பெரியப்பாவும் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். கடலில் பிறந்து வளர்ந்தவர், அவரும் ஆட்டினார்.

தம்பிக்கு என்னைப் போல வாய் கிடையாது. அவன் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு லேசர்க்காரரை நேராகப் பார்த்தான்.

"ஒன் சட்ட தெரியுது. காலு தெரியுது. மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்லடே."

லேசர்க்காரர் அந்தப் பார்வைக்கு நேராக நிற்க முடியாமல் சாவியை விட்டுவிட்டு ஓர் எட்டு ஒதுங்கி நின்றார்.

"நீ நவுந்துட்ட" என்றான் தம்பி. "ரெண்டு பக்கமும் கல்லு. நடுவுல வாரவன் எங்கன நவுருவான்?"

லேசர்க்காரர் சாவியை உருவி மேஜை மேல் வைத்தார். பெரியப்பா மைக்கில் போய், இன்றைக்கு இவ்வளவுதான் என்று சொன்னார். அன்றைக்கு வள்ளங்கள் எல்லாம் பத்திரமாகக் கரைக்கு வந்து சேர்ந்தன. தம்பி அதற்குப் பிறகு சுக்கானைப் பிடிக்கவில்லை.