தானாக விழுந்தவர்கள்

மனு எழுதிப் பிழைப்பவனுக்கு மூலதனம் ஒரு மேசை, ஒரு பேனா, அடுத்தவர் தலைவலி. செஞ்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் என் மேசை. வருவதில் பாதி விபத்து மனு. ஏனென்று, நடந்தும் சைக்கிளிலும் போகிற நம்மவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

வண்டி நம்பர்

அனந்தபுரம் கொத்தனார் ஒருவர் கையில் கட்டோடு வந்தார். ரோட்டோரம் நடந்தவரை பைக் இடித்துவிட்டது. விபத்து என்றாலே வண்டி எண் எழுதிப் பழகிய கை. "உங்க வண்டி நம்பர் சொல்லுங்க" என்றேன்.

அவர் குனிந்து காலைப் பார்த்தார். "ஏழாம் நம்பர் செருப்பு சார். அதுலயும் ஒண்ணு காணாம பூட்ச்சி."

பம்பர்

ஒரு சைக்கிள்காரரைப் பின்னாலிருந்து இடித்த கார்க்காரர், அடிபட்டவருக்கு முன்பே என்னிடம் வந்துவிட்டார். பம்பர் உடைந்ததற்குப் புகார் எழுதணுமாம். சைக்கிள்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"கால்ல கட்டு போட்டிருக்காங்க. காலு தானா கூடிடும் சார், பம்பருக்குத்தான் ஆர்டர் போட்டு காத்திருக்கணும்."

களை

தொண்டூர் முனியம்மாவின் முட்டியை உடைத்தது ஒரு கார். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "நானா விழுந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். சீட்டிலும் அப்படியே ஏறிவிட்டது. இனி மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது. அந்த இரண்டு வார்த்தையால் நஷ்டஈடும் குதிரைக்கொம்பு. காரைச் சொல்லாமல் மனு எழுத முடியுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏம்மா அப்படிச் சொன்னீங்க என்று கத்தினேன்.

"அந்தக் கார்க்காரங்க நெலத்துலதான் சார் களை எடுக்கறேன். கேசு குடுத்துட்டு எந்தக் கால வச்சி அந்த வரப்புல எறங்கறது?"

மனு எழுதாமலே போய்விட்டார்.

என் முறை

போன மாதம் என் சைக்கிளையும் ஒரு கார் தட்டியது. முழங்கை கிழிந்து ரத்தம். வெள்ளைச் சட்டைக்காரர் இறங்கி, "இன்னாய்யா ஆச்சு?" என்று அதட்டினார். முன்பின் தெரியாத ஆள். "ஒண்ணுமில்ல சார், நானா விழுந்துட்டேன்" என்றது என் வாய்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோதும் அதே பதில். கட்டுப் பிரிக்க வந்திருந்த முனியம்மா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சார், நீங்க யாரு நெலத்துல களை எடுக்கறீங்க?"

வெட்கமாகப் போய்விட்டது. நர்ஸிடம், "கார் இடிச்சதும்மா, மாத்தி எழுதிக்குங்க" என்றேன். முனியம்மா தன் சீட்டை என் பக்கம் நீட்டினார். "எனக்கும் மனு எழுதிடுங்க சார்" என்றார்.

அன்று இரண்டு மனு எழுதினேன். இரண்டிலும் முதல் வரி, 'கார் இடித்தது'.

இத்தனை வருஷ ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் நான் கண்டது, நம் ஊரில் கார் யாரையும் இடிப்பதே இல்லை, நாம்தான் அதன் பக்கத்தில் போய்த் தானாக விழுந்துகொண்டிருக்கிறோம்.