ஒரு பேடு மட்டும் தேய்ந்த கதை

அண்ணன் புதுக் கார் வாங்கியபோது, தன்னுடைய பதினாறு வருடப் பழைய காரை என் தலையில் கட்டினார். அடுத்த வருடமே முன் பிரேக் பேடுகளை மாற்ற வேண்டி வந்தது. மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, இடப்பக்க முன் சக்கரம் மறுபடி கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கமாக இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை பேரிகையில் மாமியார் வீட்டு வாசலில் இறங்கினால், அந்த ஒரு சக்கரம் மட்டும் கிட்டே கை கொண்டுபோக முடியாதபடி கொதித்துக்கொண்டிருக்கும்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் ஓசூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வண்டியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சோபாவில் சாய்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"நீ பிரேக் மேல காலை வச்சிக்கினே ஓட்டுற. பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான். என்கிட்ட இருந்த வரைக்கும் இந்த வண்டி ஒரு சத்தம் போட்டதில்ல."

அதைவிடக் கேவலம், அதை நான் நம்பியது. நான் பார்ப்பது உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. அளவு தப்பிய ஒவ்வொரு பாகத்துக்கும் 'ஏன் தப்பியது' என்று காரணம் எழுதாத தாளில் என் கையெழுத்து விழாது. அப்படிப்பட்டவள், 'ஏன் ஒரு சக்கரம் மட்டும்?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாரக்கணக்கில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் பூவை மிதிப்பதுபோல் பிரேக்கை மிதித்தேன். சூளகிரி பக்கம் பின்னால் வந்த லாரிக்காரர்கள் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். சத்தம் குறையவில்லை, வலுத்தது.

ஜூஜுவாடியில், முன்பு பேடு மாற்றிய அதே மெக்கானிக்கிடம் போனேன். நான் காத்திருந்த நேரத்தில் ஒருவரிடம் கன்னடத்தில் பேசினார், இன்னொருவரிடம் தெலுங்கில், பிறகு என்னிடம் தமிழில். மூன்று மொழியிலும் அவர் கண்டுபிடித்த கோளாறு ஒன்றுதான்: ஓட்டுகிறவருக்கு ஓட்டத் தெரியவில்லை.

"பழைய வண்டி மேடம், பேடு தேயத்தான் செய்யும். நீங்க வேற பிரேக்கை ஓவரா யூஸ் பண்றீங்க. புது செட் போட்டுடறன்."

இந்த முறை நான் நாற்காலியில் போய் உட்காரவில்லை. அவர் கழற்றக் கழற்றப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு பேடின் முதுகிலும் மார்க்கரால் எழுதினேன்: வலது உள், வலது வெளி, இடது உள், இடது வெளி. அவர் சிரித்தார். நான்கையும் தரையில் வரிசையாக வைத்தேன். வலப்பக்கத்து இரண்டும் சமமாக, கொஞ்சம்தான் தேய்ந்திருந்தன. இடது வெளிப்பேடு ஏறக்குறையப் புதிது. இடது உள்பேடோ இரும்புத் தகடு தெரியத் தேய்ந்து, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கையும் கீறியிருந்தது.

"நான் மிதிக்கிற மிதி நாலு பேடுக்கும் பொதுதானேங்க? என் காலு இந்த ஒண்ணை மட்டும் எப்படித் தேடிப் போய்த் தேய்க்கும்?"

"பழைய வண்டி மேடம்..." என்று மறுபடி ஆரம்பித்தார்.

"வலப்பக்கம் மட்டும் புது வண்டியா?"

டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் சிரித்துவிட்டார். மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த பிறகுதான் வேலையும் வந்தது. பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் இரண்டு இரும்புப் பின்களின் மேல் வழுக்கி நகர வேண்டும். நகர்ந்தால்தான் உள்பேடும் வெளிப்பேடும் சேர்ந்து டிஸ்க்கைப் பிடிக்கும், காலை எடுத்ததும் சேர்ந்து விலகும். வலப்பக்கத்துப் பின்கள் விரலால் தள்ளியதும் நகர்ந்தன. இடப்பக்கத்துக் கீழ்ப் பின் அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி, கால் மணி நேரம் போராடி உருவினார். கிரீஸின் சுவடே இல்லாமல், துருவேறி வந்தது. அதன் ரப்பர் உறை கிழிந்து, கிழிசல் ஓரம் காய்ந்து இறுகிப்போயிருந்தது. ஆறு மாதத்தில் ஏறிய துரு இல்லை அது. முன்பு பேடு மாற்றியபோதும் இவர் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

பின்னைத் துணியால் துடைத்தார். "அதான் மேடம். பின் ஜாம் ஆகியிருக்கும்னு எனக்கு அப்பவே ஒரு டவுட்டு."

டவுட்டாம்! புதுப் பின்னும் உறையும் பேடுகளும் டிஸ்க்கும் வரவழைத்து, இரண்டு பக்கமும் கிரீஸ் தடவிப் பூட்டி முடிக்கும்வரை அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். அவருக்கு எரிச்சலாக இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படியே அண்ணன் வீட்டுக்குப் போய், துருப்பிடித்த பின்னையும் தேய்ந்த பேடையும் டீப்பாய் மேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மெயின்டெனன்ஸ் இல்லாததால வர்றது. வண்டின்னு ஒண்ணு வச்சிருந்தா அடிக்கடி செக் பண்ணணும்மா."

"துருவைப் பாருண்ணா. எத்தனை வருஷத்துத் துரு இது? நீ எத்தனை தடவை செக் பண்ண?"

அவர் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "அவருக்கு பானெட்டே திறக்கத் தெரியாதே!"

அண்ணன் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இது நடந்து ஒரு வருடமாகிறது. போன மாதம் சர்வீசுக்குக் கழற்றியபோது நான்கு பேடும் ஒரே அளவில் இருந்தன. அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால், தன் அறிவுரைக்கு அப்புறம்தான் நான் ஒழுங்காக ஓட்டுகிறேன் என்பார்.