என் கையை ஆட்டிய தூளி

போன வாரம் ஒரு மத்தியானம் நான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? சென்னை ஓரத்து நூம்பலுக்கு வாழ வந்த நாளிலிருந்து நான் கத்தியதே இல்லை. பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால்கூட நான்தான் "பரவால்ல" என்பேன். அப்படிப்பட்டவள் கத்தினேன் என்றால், எவ்வளவு பயந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. சில வாரம் இந்தப் பத்திரிகையில் என் பத்தி வரவில்லையே... அப்போதுதான். கால் திரும்பி வந்துவிட்டது. கோணிய வாய் நேராகிவிட்டது. இடது கை மட்டும் யாரோ இரவல் கொடுத்த மாதிரி தோளில் தொங்குகிறது. எழுதுவது வலது கை என்பதால் உங்களுக்குத்தான் தப்பிக்க வழியில்லை!

வேலப்பன்சாவடியில் பிசியோதெரபிக்குப் போகிறேன். அங்கே இருக்கும் பெண் என் இடது மணிக்கட்டில் ஒரு பேண்டு கட்டிவிட்டாள். பார்க்கக் கடிகாரம் மாதிரி இருக்கும், நேரம் காட்டாது. கை கொஞ்ச நேரம் சும்மா கிடந்தாலே விர்ரென்று அதிரும். கை அசைந்தால் என் மருமகள் வனிதாவின் போனில் பச்சைக் கோடு. அசையாவிட்டால் சிவப்பு.

"நல்ல கையே எல்லா வேலையும் செஞ்சா, இந்தக் கை மறந்துடும்மா. இதுக்கும் வேலை குடுங்க" என்றாள் அந்தப் பெண்.

கொடுத்தேன். என் பேத்திக்கு எட்டு மாதம். ஸ்பிரிங்கில் மாட்டிய புடவைத் தூளியில்தான் தூங்குவாள். என் விரல்கள் எதையும் பிடிக்காது என்பதால், தூளியின் புடவை நுனியை இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். பாப்பா காலை உதைப்பாள், ஸ்பிரிங் குதிக்கும், தூளி ஆடும், என் கையும் கூடவே போய்வரும். வலது கையில் பேனா. உங்களுக்குப் பத்தி, அவளுக்குத் தூக்கம், எனக்கு எக்சர்சைஸ். என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

போனில் ஒரே பச்சை. நாளுக்கு நாள் உயரமான பச்சை. வனிதா அதைத் தன் புருஷனிடம் காட்ட, "எங்கம்மான்னா சும்மாவா!" என்றான் என் மகன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வனிதா கேட்டாள். "அத்தை, கைதான் நல்லா ஆயிட்டு வருதே. நான் காலேஜ் ஆபீஸ் வேலைக்குத் திரும்பப் போகட்டுமா? மத்தியானம் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன். பாப்பாவை நீங்க பாத்துப்பீங்கல்ல?"

 அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், போனில் அவ்வளவு பச்சை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், மெஷினை எதிர்த்து என்ன பேசுவேன்? தலையை ஆட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து பிடித்தது பயம். வனிதாவின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் ஆரம்பிக்கும். மறுபடியும் ஸ்ட்ரோக் வந்தால்? நான் விழுந்து கிடந்தால் இவளை யார் பார்ப்பார்கள்? பாப்பாவைத் தூக்கவே மாட்டேன். தூளியிலேயே பால், தூளியிலேயே துணி மாற்றல். அவள் அழுதால் பயம். அழாமல் தூங்கினாலும் பயம் — மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

நான் கத்திய அன்றைக்கு அவள் தூங்கவில்லை. தூளியின் விளிம்பைப் பிடித்து எழப் பழகியிருந்தாள். நான் ஒரு வரி எழுதி நிமிர்வதற்குள் இடுப்புவரை வெளியே வந்து, தலைகுப்புறச் சரிந்தாள்...

பேனாவைப் போட்டுவிட்டு வலது கையால் சட்டையைப் பிடித்தேன். சட்டை கையோடு வந்தது, அவள் அதற்குள்ளிருந்து நழுவினாள். கீழே சிமெண்ட் தரை. எப்படி என்று இன்றுவரை தெரியவில்லை — என் இடது கை புடவை நுனியிலிருந்து உருவிக்கொண்டு அவளுக்கு அடியில் போயிருந்தது. வலது கையையும் கொடுத்து அப்படியே நெஞ்சோடு சேர்த்து அழுத்தினேன். அவளுடைய ஒரு கால் இன்னும் தூளி மடிப்பில் சிக்கியிருந்தது. வலது கையை எடுத்தால்தான் அதை விடுவிக்க முடியும். எடுத்தால் இடது கை தாங்குமா? தாங்காவிட்டால்?

எடுக்கவில்லை. தூக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. பாப்பா வீறிட்டு அழுகிறாள். எவ்வளவு நேரமோ... தோள் கடுக்க ஆரம்பித்தது. அப்போது பேண்டு அதிர்ந்தது. விர்ர்ர்! கை சும்மா கிடக்கிறதாம். அசைக்க வேண்டுமாம்!

அசைத்தால் குழந்தை விழுந்துவிடுமே, பாவி!

கத்தினேன். "மல்லிகா! ஏ மல்லிகா! ஓடியாடி!"

பக்கத்து வீட்டு மல்லிகா கையெல்லாம் மீன் செதிலோடு ஓடி வந்தாள். "இன்னாக்கா, ஊடு பத்திக்கிச்சா... ஐயோ, கொயந்த!" காலை விடுவித்து பாப்பாவை வாங்கிக்கொண்டாள். பாப்பா அழுகையை நிறுத்தி அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள்.

"அது நல்லாத்தான் கீது. நீதான் வெளுத்துப் போய் கீற. குந்துக்கா முதல்ல" என்றவள், நான் உட்கார்ந்ததும் சிரித்தாள். "உனக்கு இம்மாம் பெரிய தொண்ட கீதுன்னு இத்தினி வருசமா தெர்லியே!"

"எனக்கே தெரியாதுடி."

சாயங்காலம் வனிதா போனைப் பார்த்தாள். "என்ன அத்தை, இன்னிக்கு மத்தியானம் மட்டும் சிவப்பா இருக்கு? கைக்கு வேலையே குடுக்கலியா?"

"அப்பதாம்மா அது வேல செஞ்சிச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் தூளியை ஆட்டவில்லை, தூளிதான் என் கையை ஆட்டியது என்பதையும் சேர்த்து. வனிதா குழந்தையின் கணுக்காலையே தடவிக்கொண்டிருந்தாள். புடவை இறுக்கிய தடம் இன்னும் மறையவில்லை.

"முதல்லயே சொல்லிருக்கலாம்ல அத்தை?"

"உன் போன்ல பச்சயா இருந்துச்சே. என் கையப் பத்தி என்னவிட அதுக்குத்தான் தெரியும்னு நெனச்சிட்டேன்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம், "ஒரு தடவையாவது கையைத் தூக்கிக் காட்டுங்கன்னு நான் கேட்டிருக்கணும்" என்றாள்.

பிசியோதெரபி பெண்ணிடமும் சொன்னோம். கை அசைவது மட்டும்தான் பேண்டுக்குத் தெரியுமாம், அசைத்தது யார் என்று தெரியாதாம். தூளிப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு தலையணையைக் கொடுத்து அணைத்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். நழுவியது. மறுபடியும் பிடித்தேன்.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. ஆனால் இப்போது பகலில் மல்லிகா கூட இருக்கிறாள். வனிதாவும் கிளம்புவதற்கு முன்னால் என் எதிரே வந்து நின்று, "இன்னிக்கு எப்படி இருக்கு அத்தை?" என்கிறாள். "பயமாத்தான் இருக்கு" என்றால், "சரி, மல்லிகாக்கா வந்தப்புறம் கிளம்பறேன்" என்று ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் பேண்டு கட்டியிருந்தால், போனைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முகத்தை ஒரு தடவை பாருங்கள் — அதற்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.