முப்பத்தெட்டுத் தோட்டங்களும் ஒரு கப்பலும்

உங்கள் வீட்டுக்கு முன்னால் தோட்டம் இருக்கிறதா? தொட்டியில் வாடி நிற்கும் ஒற்றைச் செடியைச் சேர்க்காமல் சொல்லுங்கள். உள்ளே நான்கு அறைகள் உண்டா? இல்லையென்றால், உங்கள் பிள்ளையின் கட்டுரை நோட்டில் மட்டும் அதெல்லாம் எப்படி முளைத்தது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

நான் கேட்டதில்லை. கேட்டவர், எங்கள் தெருவுக்கு மின்சார மீட்டர் பார்க்க வருபவர்.

ரீடிங்காரர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். நாற்பத்தொரு வயது. பதினான்கு வருடமாக இதே வேலை, ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு. தோளில் பை, கையில் எண்களை அமுக்கிப் பதியும் சின்னக் கருவி, சட்டைப்பையில் டார்ச். மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பின்னால், காயப்போட்ட துணிக்கு நடுவில் என்று எங்கே மீட்டர் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். இடது கெண்டைக்காலில் இரண்டு நாய்களின் பல் தடம் இருக்கிறது. இரண்டுமே "ஒண்ணும் செய்யாது சார், சும்மா குரைக்கும்" என்று உத்தரவாதம் தரப்பட்ட நாய்கள்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். அவளை அவர் பொடிசு என்பார். மூன்று பேருக்கும் ஒரே அறை.

கருவி வருவதற்கு முன்னால் ரீடிங்கை நீளமான பெரிய நோட்டில் எழுதுவார்கள். கருவி வந்ததும் எழுதாத நோட்டுகளைக் கழிவுக்குப் போடச் சொன்னார்கள். அவர் அதிகாரியிடம் கேட்டு இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டு எண், பழைய ரீடிங், புது ரீடிங் என்று கட்டம் போட்ட தாள்கள். அந்தக் கட்டங்களை எல்லாம் மிதித்துக்கொண்டு பொடிசின் கதைகள் குறுக்கே நடந்தன.

அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. பெயர் 'பாதி'. அன்றைக்குப் பார்த்த ஏதாவது ஒன்றை அவர் பாதி சொல்வார், மீதியை அவள் எழுத வேண்டும். விதி இரண்டுதான். அவர் சொல்லும் பாதியில் பொய் இருக்கக் கூடாது. அவள் எழுதும் பாதியில் உண்மை இருக்கக் கூடாது. எந்த வீடு, யார் வீடு என்பதை மட்டும் அவர் சொல்லவே மாட்டார்.

"மூணாவது மாடியில ஒரு கதவு. ஏழு பூட்டு. தட்டினா ஒரு பெரியவர் ஒவ்வொண்ணா திறக்கறாரு. உள்ள எட்டிப் பாத்தா ஒரு நாற்காலிதான் இருக்கு."

பொடிசு பென்சிலைக் கடித்தாள். "பூட்டு திருடனுக்கு இல்லப்பா. அவருகிட்ட ஒரு பாட்டு இருக்கு. அது வெளிய ஓடிடக் கூடாதுன்னு பூட்டி வச்சிருக்காரு."

"சாவி ஓட்டை வழியா ஓடிடாதா?"

"அதுக்குத்தான் நாற்காலி. அங்கயே உக்காந்து முதுகால அடைச்சுக்கறாரு."

அவர்தான் மகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தார் என்று யாராவது சொன்னால் மறுப்பார். இளவயதில் அவரும் கதை எழுதப் பார்த்தவர். ஆரம்பம் வரும், முடிவு வராது. அப்படிப் பாதியில் நின்ற கதைகள் ஒரு பை நிறைய இருந்தன. எட்டு வயதுப் பெண் முடிவைக் கையோடு வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறாள், தன் வேலை ஆரம்பம் சப்ளை செய்வதோடு சரி என்பார். மனைவி தன் பங்குக்குச் சீண்டுவார்: "ஊரெல்லாம் போய் எண்ணு எழுதிட்டு வரச் சொன்னா, இவரு புளுகுக்குச் சரக்கு வாங்கிட்டு வர்றாரு." ஆனால் கதை நடுவில் நின்றால், "அப்புறம் என்னாச்சு?" என்று முதலில் கேட்பதும் அவர்தான்.

இப்படி இருக்கையில் பள்ளியில் தேர்வு வந்தது. 'என் வீடு' என்று கட்டுரை. டீச்சர் முன்கூட்டியே நோட்ஸ் கொடுத்திருந்தார், பத்து வரி. என் வீடு அழகானது. அதில் நான்கு அறைகள் உள்ளன. முன்னால் தோட்டம் உள்ளது. தோட்டத்தில் ரோஜாச் செடிகள் உள்ளன. பிள்ளைகள் இரண்டு வாரம் அதை உருப்போட்டார்கள்.

பொடிசு இப்படி எழுதினாள்:

"எங்கள் வீட்டில் ஒரு அறைதான். காலையில் அது சமையலறை. சாயங்காலம் அது படிக்கிற அறை. விளக்கை அணைத்ததும் அது கப்பல். மின்விசிறிதான் கப்பலை ஓட்டுகிறது. அம்மா காலை நீட்டினால் கப்பல் கரையில் இடிக்கும். அப்பா குறட்டை விட்டால் துறைமுகம் வந்துவிட்டது என்று அர்த்தம்."

குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கீழே ஒரு பூஜ்யம். பக்கத்தில்: "பொய் எழுதக் கூடாது. நோட்ஸில் உள்ளபடி எழுதவும். இருபது முறை." டீச்சர் அதை வகுப்பில் வாசித்தும் காட்டினார். குறட்டை வந்த இடத்தில் வகுப்பே சிரித்தது. எங்கள் தெருத் தையல்காரம்மாவின் மகள் "ஏய், கப்பல்" என்று முதலில் கூப்பிட்டாள். மதியத்துக்குள் பள்ளி முழுக்க அதுதான் பெயர்.

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ரீடிங்காரர் வழக்கம்போல் உட்கார்ந்து அன்றைய பாதியைச் சொன்னார்: ஒரு வீட்டு மீட்டர் பெட்டிக்குள் யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பை வைத்திருக்கிறார்கள்.

பொடிசு நோட்டைத் திறந்தாள். நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

"அந்த வீடு அழகானது. அதில் நான்கு அறைகள் உள்ளன. முன்னால் தோட்டம் உள்ளது."

யாரும் சிரிக்காத மாதிரி எழுத அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அவளுடைய பைக்குள் தேடித் தேர்வுத் தாளை எடுத்தார்.

அடுத்த எட்டு நாளும் பாதி நடக்கவில்லை. "எனக்கு வராதுப்பா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். இம்போசிஷனை எழுத உட்கார்ந்தபோது மட்டும் அவர் பென்சிலை வாங்கி வைத்துவிட்டார். மனைவிக்குக் கவலை. மார்க் போனால் மேலே எப்படிப் போவாள் என்றார். "நீங்க என்ன, மீட்டரப் பாத்து மார்க் போட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு, ரீடிங்காரர் வேலைச் சட்டையோடு நேராக அங்கே போனார்.

என் மகனும் அதே வகுப்பு என்பதால் நானும் அங்கே இருந்தேன். மூன்றாம் வகுப்பு அறையில், பிள்ளைகளின் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயில் இடிக்க நாங்கள் உட்கார்ந்திருந்தோம். முன்னால் மேசையில் நோட்டுகள் அடுக்கியிருந்தன. தலைமையாசிரியை தேர்ச்சி விகிதம் பற்றிப் பேசி முடித்ததும் ரீடிங்காரர் எழுந்தார். நோட்டுகளைப் பார்க்கலாமா என்று கேட்டார். அதற்குத்தானே வைத்திருக்கிறோம் என்றார் டீச்சர்.

ஒவ்வொன்றாகத் திறந்து முதல் மூன்று வரியை உரக்கப் படித்தார். தோட்டம். தோட்டம். தோட்டம். ஆறாவது நோட்டில் எங்களுக்குள் சிலர் சிரிக்க ஆரம்பித்தோம். பத்தாவது நோட்டில் சிரிப்பு நின்றுவிட்டது.

"என் பொண்ண விட்டா முப்பத்தெட்டுப் பிள்ளைங்க டீச்சர்," என்றார். "அதுல முப்பத்தோரு வீடு என் லைன். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ உள்ள போய்ப் பாக்கறவன் நான். ஒரு வீட்டுலயும் தோட்டம் இல்ல. மிச்சம் ஏழு வீட்டுக்காரங்க இங்கதான் இருக்காங்க. இருந்தா கை தூக்கச் சொல்லுங்க."

யாரும் தூக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், தன் வீட்டில் ஒரு தொட்டி இருந்தது, அதுவும் போன மாதம் உடைந்துவிட்டது என்று முணுமுணுத்தார்.

டீச்சரின் முகம் சிவந்தது. கெட்ட மனுஷி அல்ல. அந்த நோட்ஸை எழுதியது அவர் இல்லை, மேலிருந்து வந்தது. எல்லாத் தாளும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கு ஆள் வருவார்கள். அதைத்தான் சொன்னார். பிறகு, "கற்பனையெல்லாம் வீட்டுல வச்சுக்கோங்க சார், பரீட்சைக்கு ஆகாது" என்றார்.

"எது டீச்சர் கற்பனை? முப்பத்தெட்டுத் தோட்டமா, ஒரு கப்பலா?"

தலைமையாசிரியை குறுக்கிட்டார். விதி என்றால் விதிதான், இம்போசிஷன் எழுதி வராவிட்டால் பூஜ்யம் ரிப்போர்ட்டில் ஏறும் என்றார்.

"ஏத்துங்க மேடம். பூஜ்யத்த நான் பாக்காததா, புது மீட்டர் எல்லாம் அதுலதான் ஆரம்பிக்குது. ஆனா இருபது தடவ எழுத மாட்டா. எங்க வீடு எழுதறதுக்கு லாயக்கில்லைன்னு என் பொண்ணு தன் கையாலயே இருபது தடவ எழுதறதுக்கு நான் விட மாட்டேன்."

ஒற்றை அறையில் பிறந்த பிள்ளைக்கு எட்டு வயதிலேயே மார்க் போட்டு வெட்கத்தைக் கற்றுக்கொடுக்கிறோம். அதற்குக் கல்வி என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் நானும் எழுந்து நின்றிருக்க வேண்டும். என் மகனின் நோட்டு மேலிருந்து ஏழாவது, அதிலும் ரோஜா பூத்திருந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

பேசியது ஒரு பிள்ளை. தையல்காரம்மாவின் மகள், கப்பல் என்று பெயர் வைத்தவள், தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"எங்க வீடு ரயிலு. அம்மா மிஷினு மிதிக்கறப்ப தரையெல்லாம் ஆடும்."

"சும்மா இருடி," என்றார் தையல்காரம்மா. அவர் குரலில் அதட்டல் இல்லை.

அப்பாவின் சட்டைக்குப் பின்னால் எட்டு நாளாகக் கதை பக்கமே போகாத ஒருத்தி நின்றிருந்தாள். மெதுவாகத் தலையை நீட்டினாள்.

"எந்த ஊருக்குப் போகுது?"

"தெரியல."

"நான் சொல்லட்டா?"

ரீடிங்காரர் கையிலிருந்த நோட்டை மேசையில் வைத்தார். அதற்கு மேல் அவர் யாரிடமும் வாதாடவில்லை. வந்த வேலை முடிந்துவிட்டது.

பூஜ்யம் ரிப்போர்ட்டில் ஏறியது. அதில் அவர் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் "பார்த்தேன், ஏற்கவில்லை" என்று எழுதி அனுப்பினார். நோட்ஸ் மாறவில்லை. அடுத்த பருவத்துக்கு 'எங்கள் விடுமுறைப் பயணம்' வந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் மலைவாசத்தலத்துக்குப் போய்ப் பனியில் விளையாடியாயிற்று. ஆனால் அந்தக் கட்டம் போட்ட பழைய நோட்டில் இப்போது இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்கிக் கப்பலைத் தேடிக்கொண்டு போகிறது என்று கேள்வி. மீட்டர் பெட்டிக்குள் இருந்த ஒற்றைச் செருப்பு அதில் பயணம் செய்கிறதாம், டிக்கெட் இல்லாமல்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளையின் கட்டுரை நோட்டைத் திறந்து பாருங்கள். அதில் இல்லாத தோட்டம் இருந்தால், பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் இன்றைக்குக் கண்ணால் பார்த்த ஒன்றைப் பொய் கலக்காமல் பாதி சொல்லுங்கள், மீதியைப் பிள்ளை எழுதட்டும். சிவப்புக் கோடு வந்தால் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். என்னைப் போல உட்கார்ந்துவிடாதீர்கள், எழுந்து நில்லுங்கள்.