கிறிஸ்துமஸ் தாத்தாவின் தொப்பை

சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனி, 'உங்கள் திறமைக்கு இந்த இடம் போதாது' என்று எழுதி என்னை வீட்டுக்கு அனுப்பியது. அவ்வளவு பெரிய திறமையை மூட்டை கட்டிக்கொண்டு, கணவர் போலீஸ் வேலை பார்க்கும் ராஜபாளையத்துக்கே வந்து சேர்ந்தேன். சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டை வைத்துப் படம் வரையத் தொடங்கினேன். ஐந்து மாதம் கழித்து முதல் ஆர்டர் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பேக்கரி நடத்தும் ஒரு பாய், கடை முன்னால் கட்டும் ஃபிளெக்ஸுக்குச் சிரித்த முகமாக ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா வேண்டும் என்றார்.

தாத்தாதானே, அரை நாள் வேலை என்று நினைத்தேன். முதலில் கோடுகளை வரைந்து, அதற்கு அடியில் தனி லேயரில் சிவப்பும் வெள்ளையும் நிரப்பி, கன்னங்களில் ரோஸ் நிறத்தைப் பூசி முடித்தேன். டியூட்டி முடிந்து வந்த கணவர், யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தார்.

"இந்தாளு எதையோ மறைக்கான்" என்றார்.

"அவரு சிரிக்காருங்க."

"அதத்தான் சொல்லுதேன். தப்பு பண்ணவன்தான் இம்புட்டுச் சிரிப்பான்."

ஓரமாகப் பார்த்த கண்களை நேராகத் திருப்பிவைத்தேன். காவல்துறையின் ஒப்புதல் கிடைத்த பிறகு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பாய் உடனே கூப்பிட்டார்.

"ஏம்மா, தாத்தா கன்னத்துல யாரு அறைஞ்சா?"

"குளிர்ல செவந்திருக்கு பாய்."

"நம்ம ஊர்ல ஏதும்மா குளிரு?"

கன்னத்தை ஆற்றினேன். அடுத்து தொப்பை. "எங்க கேக்கத் தின்னுதான் இப்படி ஆயிட்டாருன்னு ஊரு பேசும். கொறச்சிரும்மா." குறைத்தேன். "இப்ப ஆஸ்பத்திரில இருந்து வந்தவரு மாதிரில்லா இருக்காரு." கூட்டினேன். மூன்று நாள் தாத்தாவுக்கு இளைப்பதும் பெருப்பதுமே வேலையாக இருந்தது. கடைசியில், கேக் பிடிக்கும், ஆனால் அளவோடு சாப்பிடுவார் என்று சொல்லும்படியான ஒரு தொப்பையில் இருவரும் சமாதானமானோம்.

அதோடு விடவில்லை. "இன்னொண்ணும்மா. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்காரே, நம்மள மாதிரி ஆக்க முடியாதா?"

யோசிக்காமலே தாத்தாவுக்கு ரோஸ் தோலைப் போட்டிருந்தேன். நல்ல கறுப்பு கலந்த பழுப்பை எடுத்து முகத்தில் நிரப்பியதும் வெள்ளைத் தாடி பளிச்சென்று எடுப்பாகத் தெரிந்தது. முகத்துக்கு உயிர் வந்துவிட்டது. டிசைன் படித்துப் பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றாதது, கேக்குக்கு முட்டை அடிக்கிறவருக்குத் தோன்றியிருக்கிறது. இதை அவரிடம் சொல்லிப் பாராட்டும் அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை இல்லை.

ஃபிளெக்ஸ் கட்டிய அன்று பஸ் ஏறிப் போனேன். எதிர்ச்சாரியில் இறங்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தாத்தா இரண்டு பக்கமும் பரவிக் கிடந்தார். தலை பூசணிக்காய் போலிருந்தது. நாங்கள் மூன்று நாள் பேசி முடித்த தொப்பை, கடை முகப்பில் பாதியைப் பிடித்திருந்தது.

"யாரு பாய் இப்படி இழுத்தா?"

"ஃபிளெக்ஸ் அடிக்கவங்கதான். கடை அகலத்துக்குப் படம் பத்தலன்னாங்க. இழுத்துப் போடுங்கன்னுட்டேன். இப்பத்தான்ம்மா அவருக்கு ஒரு களை வந்திருக்கு."

பிளம் கேக் ஒரு துண்டும் டீயும் கொடுத்தார். வாயில் கேக் இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் மெதுவாக மென்றேன்.

அப்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் படிக்கும் பெண்கள் நான்கு பேர் காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஃபிளெக்ஸுக்குக் கீழே போய் நின்றார்கள். ஒருத்தி கன்னத்தை உப்பிக்கொண்டு வயிற்றைத் தள்ளிக் காட்டினாள்.

"ஏட்டி, அச்சு அசல் எங்க பெரியப்பா" என்றாள் இன்னொருத்தி. பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தாறீங்களா?" என்று போனை நீட்டினாள்.

நான் வரைந்ததுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் உலகத்தில் எந்தப் பெண்ணும் என் படத்தைப் பார்த்துத் தன் பெரியப்பா என்று சொன்னதில்லை. அந்த நேரத்தில் இழுத்தது யார், வரைந்தது யார் என்று விளக்கிக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

தாத்தா முழுதாக வர வேண்டுமென்று பின்னாலேயே நகர்ந்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். இன்னும் இரண்டு அடி பின்னால் வைத்து, எல்லோரையும் சிரிக்கச் சொல்லி எடுத்தேன்.