வடகோட்டை வீரன்

அந்த நாடு மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு வீட்டுக் கூடத்தின் சிமெண்டுத் தரையில் இருந்தது. மலைகள் சிவப்பு, ஆறுகள் நீலம், காடு பச்சை. கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டில் வரைந்தது. வடக்கே மலைமேல் ஒரு கோட்டை, தெற்கே கடல், நடுவில் பூதங்கள் வாழும் சதுப்பு. வரைந்தவர் என் நண்பனின் அண்ணன். ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் சிலர் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. அவர் செத்ததைப் பார்த்தேன் என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

நண்பன் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய தமிழர் வழி வந்தவன், அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. அவன் வீட்டில் பேசுவது மலாய். சாமிக்கும் சடங்குக்கும் மட்டும் சில தமிழ்ச் சொற்கள் உண்டு. நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு மலாக்காச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆள் தோட்டத்தில் பிறந்தவர், ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெசர். சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் கூட்டம் நடந்த அந்தக் காலத்தில், நாங்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தரையில் குந்தி ராஜ்யம் பிடித்துக்கொண்டிருந்தோம்.

விதிகளும் அண்ணன் வைத்தவைதான். இது முறை போட்டு ஆடும் ஆட்டம் அல்ல. அடியில் ஊசித்துளை போட்ட பால் டின் ஒன்றை ஒரு பேசின் தண்ணீரில் மிதக்க விடுவோம். டின் மிதக்கும் வரை அந்த நாட்டில் காலம் ஓடும். எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரு கையால் மட்டும், படைகளை நகர்த்தலாம். டின் முழுகினால் காலம் நின்றுவிடும். கையை எடுத்துவிட வேண்டும். ரப்பர் கொட்டைகள் சிப்பாய்கள். சோழிகள் பூதங்கள். வயல் பிடித்து வைத்திருப்பவனுக்கு ஒவ்வொரு முழுக்குக்கும் புதிய சிப்பாய் கிடைப்பான்.

அதோடு ஆளுக்கு ஒரு வீரன் உண்டு. விரல் நீளத்துக்கு மரத்தில் செதுக்கிய உருவம். சண்டையில் ஜெயிக்க ஜெயிக்க அவனுக்கு வரங்கள் சேரும். என் வீரனுக்குப் புலியோடு பேச வரும். டிரெசருடைய வீரன் வெட்டுப்பட்டவர்களை எழுப்புவான். ஆனால் செத்த வீரனை யாராலும் எழுப்ப முடியாது. அவனை எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும், அவன் மறுபடி நகரவே கூடாது. டின் மிதக்கும்போது யாரும் சொந்தக் குரலில் பேசக்கூடாது, வீரனாகத்தான் பேச வேண்டும். இதில் டிரெசருக்கு அலாதிப் பிரியம்.

“அடேய் புலிக்குப் பொறந்தவனே, உன் வயலை என் பூதம் மேஞ்சிருச்சு. நாளைக்கு உன் படைக்குக் கஞ்சி காய்ச்ச எங்கடா போவ, புக்கிட் பாரு கடையில கடன் கேப்பியா?” என்பார், ராஜா மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

வடகோட்டையில் ஒரு வீரன் எப்போதும் நின்றுகொண்டிருந்தான். அண்ணனுடையவன். லாரி வந்த அன்று ஆட்டம் பாதியில் நின்றதாம். ஆடுகிறவன் திரும்பி வரும் வரை அவனுடைய வீரனைத் தொடக்கூடாது என்பதும் விதி. நாங்கள் அந்தக் கோட்டையை விட்டுவிட்டே சண்டை போட்டோம். நண்பனின் அம்மா தரை துடைக்கும்போதுகூட அவனைச் சுற்றித்தான் துடைப்பார். அவன் காலடியில் அழுக்கு வளையமாகப் படிந்து கறுத்திருந்தது.

செட்டிகள் போகியன்று இறந்துபோன தங்கள் ஆட்களுக்குப் படையல் போடுவார்கள். பார்ச்சு என்பார்கள். வாழை இலைகளில் சோறும் கறியும் பலகாரமும் வைத்து, இறந்த பெரியவர்களைக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே போகும்முன் கதவைத் தட்ட வேண்டும். அந்த வீட்டில் நண்பனின் அப்பாவுக்கு இலை உண்டு, தாத்தா பாட்டிக்கு உண்டு. அண்ணனுக்கு மட்டும் அம்மா ஒருபோதும் இலை போட்டதில்லை.

அதில் நண்பனின் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருந்தது. அடுத்த சந்தில் அவனுக்குப் பெண் பேசியிருந்தது. மூத்தவன் இருக்க இளையவனுக்குக் கல்யாணம் செய்ய முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார். பெண் வீட்டார் பொறுத்துப் பார்த்தார்கள். இந்தப் பொங்கலுக்குள் பதில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

போகி அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது அம்மா இலைகளைக் கொண்டுவந்து சுவரோரம் விரிக்கத் தொடங்கினார். நண்பன் ஆட்டத்தை விட்டு எழுந்தான். அந்த வீட்டுப் பேச்சு மலாயில்தான் நடந்தது, தமிழில் சொல்கிறேன். அம்மாவை மாக் என்பான், அண்ணனை அபாங் என்பான்.

“மாக், இந்த வருசமாவது அபாங்குக்கு ஒரு இலை போடுங்க.”

அம்மா இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “உசுரோட இருக்கிறவனுக்கு இலை போட்டா அவன் செத்துருவான். உனக்குக் கல்யாணம் வேணும்னா என்னைச் சாகச் சொல்லு. அவனைச் சாகச் சொல்லாதே.”

சோறு, மீன் கறி, கோழி, தேங்காய்ப்பால் பலகாரம் எல்லாம் வந்து சேர்ந்தன. சாம்பிராணி போட்டார்கள். நாங்கள் அவசரமாக எழுந்து பேசினைச் சுவர்ப் பக்கம் தள்ளினோம். வழக்கமாக டின்னை வெளியே எடுத்து வைப்பவன் நண்பன். அன்று அவன் எடுக்கவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. டின் மிதந்தபடியே இருக்க, நாங்கள் வெளியே வந்தோம். அம்மா கதவைச் சாத்தினார்.

வாசலில் வெயில் காய்ந்தது. பூனை அம்மாவின் காலடியில் படுத்திருந்தது. டிரெசர் குருபோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பாம்பு கடித்தவனைப் பற்றி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

பிறகு அம்மா கதவைத் தட்டித் திறந்தார். நண்பன்தான் முதலில் பார்த்தான். வடகோட்டை காலியாக இருந்தது. கறுத்த வளையத்துக்குள் தரை மட்டும், பெயிண்டு அடித்த நாளின் சிவப்பிலேயே, தெரிந்தது.

வீரன் தென்கோடியில் நின்றான். கடலையும் தாண்டி, படத்துக்கு வெளியே, அப்பாவின் இலை நுனிக்கு எதிரில். முகம் சோற்றைப் பார்த்திருந்தது.

நான் சுற்றிப் பார்த்தேன். ஜன்னல்கள் உள்ளே கொக்கி போட்டிருந்தன. பின்கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. குத்துவிளக்கு அணையவில்லை. கோட்டைக்கும் இலைக்கும் நடுவில் எங்கள் படைகள் நெருக்கமாக நின்றன. ஒரு ரப்பர் கொட்டைகூடச் சாயவில்லை. பேசினில் டின் அடியில் கிடந்தது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கு மேல் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

நண்பன் அந்த உருவத்துக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். தொடவில்லை.

“டின் மிதந்துகிட்டு இருந்திச்சு, மாக். நாங்க எடுக்கல. காலம் ஓடுற நேரத்துலதான் வந்திருக்காரு. செத்தவன் நகர மாட்டான். அது அபாங் வச்ச விதி. அவரு இருக்காரு.”

இலை போடச் சொல்லிக் காலையில் கெஞ்சியவன் அவன்தான். இப்போது அந்த இலையைத் தடுப்பவன்போல் அம்மாவுக்கும் வீரனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

அம்மா அவனைக் குனிந்து பார்த்தார். அழவில்லை.

“இருக்கிறவன் வாசல் வழியா வருவான். மாக்னு கூப்பிடுவான். நான் வாசல்லதானே இருந்தேன்,” என்றார். “கதவைச் சாத்தின பிறகு வர்றவன் யாருன்னு எனக்குத் தெரியும். தள்ளு.”

அவன் தள்ளி உட்கார்ந்தான். அவர் சமையலறைக்குப் போய் ஒரு இலையை நறுக்கிக் கொண்டுவந்தார். அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் விரித்து, தண்ணீர் தெளித்து, சோறு வைத்தார். மீன் தலையை வைத்தார். எல்லாம் வைத்த பிறகு ஏதோ குறைகிற மாதிரி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரெசரிடம் கையை நீட்டி ஒரு சிகரெட் கேட்டார்.

“அபாங் சிகரெட் குடிக்க மாட்டாரே, மாக்,” என்றான் நண்பன்.

“போகும்போது சின்னப் பிள்ளை. இப்ப அவனுக்கு எத்தனை வயசு? குடிப்பான்.”

டிரெசர் பற்றவைத்துக் கொடுத்தார். அம்மா சிகரெட்டை இலையோரத்தில் ஒரு தட்டின் மேல் வைத்தார். எங்களை வெளியே போகச் சொன்னார். தானும் வந்து கதவை மறுபடி சாத்திவிட்டு, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.

சாம்பிராணி வாசனையோடு புகையிலை வாசனையும் கதவிடுக்கில் வந்தது. கொஞ்ச நேரத்தில் புகையிலை வாசனை நின்றுபோனது. தட்டலாமா என்று நண்பன் கேட்டான். அம்மா தலையை ஆட்டினார், வேண்டாமென்று. அவன் நெடுநாளைக்குப் பிறகு சாப்பிடுகிறான், முடிக்கட்டும் என்றார்.